பங்கஜத்தின் சொம்பு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அபிராமபுரத்துச் சொம்பு ஒன்று கடலுக்குப் போன கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

பங்கஜம் கொல்லையில் உட்கார்ந்து, தன் கல்யாணச் சீர்ச் சொம்பின் மேல் அரக்கு வைத்துச் சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் மோர் ஊற்றிய சொம்பு. ஒரு மாதம் உப்பும் புளியும் பூசி மண்ணில் புதைத்ததில் பித்தளை பச்சை பூத்திருந்தது. அடியில் வெட்டியிருந்த 'செ. பங்கஜம் 1951' என்ற எழுத்தைச் சுண்ணாம்பு வைத்து மூடினாள்.

"இன்னாம்மா, நல்ல சொம்ப இப்டி பாழ் பண்ணிக்கினு கீறீங்க?" என்றான் பக்கத்தில் நின்ற கட்டுமரக்காரன் முருகையன்.

"ஞாயித்துக்கிழம உங்க ஐயா முங்குவாகள்லா, பின்னாலயே இத மெல்ல கீழ விட்டுரு. அவுக கண்ணுல படணும். வெளிய மூச்சு விடாத."

ஐயா என்றது அவள் கணவர் கருணாகரனை; அவர் கடலுக்குப் போவது முருகையன் கட்டுமரத்தில். தி.நகரில் ஜவுளிக்கடை. பிறந்தது தூத்துக்குடி; முத்துக்குளிக்கிறவர்களோடு சின்ன வயதிலேயே முங்கிப் பழகியவர். அடையாறு முகத்துவாரத்துக்கு நேரே, வலை மாட்டிக் கிழிகிற இடத்தில், வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டார். அன்று போட்ட ரப்பர் சட்டை, அன்று சுமந்த காற்று சிலிண்டர்; இன்னும் இறக்கவில்லை. எட்டு வருஷத்தில் மேலே கொண்டுவந்தது இரண்டு துரு ஆணியும் தீராத சளியும்தான்.

இடது காது ஏற்கெனவே போய்விட்டது. இனியும் ஆழத்தில் முங்கினால் வலதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உருப்படியா ஒரே ஒரு பொருள எடுத்துட்டேம்னா சட்டையக் கழட்டிருதேன்" என்றார் கருணாகரன். "அதுவரைக்கும் நீ எந்தக் காதுல சொன்னாலும் ஒண்ணுதான்."

அந்த ஞாயிறு, தை மாதத் தண்ணீரில் ஊறி, பல் கிட்டி, உதடு நீலம் பாரித்து வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பச்சையாய், சிப்பியாய் ஒரு சொம்பு.

"ஏட்டி பங்கஜம், கப்பல் கேப்டன் தண்ணி குடிச்ச சொம்பு பாரு."

"வெள்ளக்காரன் சொம்புலயா குடிச்சான்?"

"அவனா கப்பல் ஓட்டுனான்? நம்மாளுக ஓட்டுனாக. அவுகள்ட்ட வாங்கிக் குடிச்சிருப்பான்."

சிரிப்பை முந்தானையில் அமுக்கிக்கொண்டு பங்கஜம் வாங்கினாள். கொஞ்சம் கூடவே கனத்தது. உப்புத் தண்ணியில் கிடந்தது கனக்கத்தானே செய்யும்.

கருணாகரன் சொன்ன சொல் தவறவில்லை; ரப்பர் சட்டை பரணுக்குப் போயிற்று. ஆனால் பெருமை தாங்காமல் மறுநாளே கடை போனிலிருந்து மியூசியத்தைக் கூப்பிட்டுவிட்டார். வியாழக்கிழமை ஓர் அதிகாரி வந்து பார்ப்பாராம்.

பங்கஜம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அதிகாரி அடியைச் சுரண்டினால் 1951 பல்லைக் காட்டும். ஊர் சிரிக்கும். இவர் ரோஷத்தில் மறுபடி கடலில் குதிப்பார். மிச்சக் காதும் போகும்.

புதன்கிழமை காலை, பழைய பித்தளைக்கு எவர்சில்வர் என்று பாத்திரக்காரி தேவானை தெருவில் கூவிக்கொண்டு வந்தாள்.

"இன்னா யம்மா இது, கெணத்துல கெடந்துச்சா?"

"கேள்வி கேக்காம எடுத்துக்கோ. எப்ப உருக்குவாக?"

"மத்தியானமே அடுப்புல போட்ருவாங்க."

பங்கஜம் பச்சைச் சொம்பைக் கொடுத்து, பதிலுக்கு ஓர் எவர்சில்வர் சொம்பை வாங்கிக்கொண்டாள். சொம்பு திருடு போய்விட்டது என்று சொல்லிவிடலாம். திருடன் தேடி வருகிற பொருள் என்றால் அவருக்கும் பெருமைதானே.

சாயங்காலம், ஐயா கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, முருகையன் பின்வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பங்கஜம் புது எவர்சில்வர் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒத்தக் காதையாவது காப்பாத்திக் குடுத்துட்ட, முருகையா. நல்லா இரு."

அவன் அண்ணாந்து குடித்தான். மீசையைத் துடைத்தான். பைக்குள் கையை விட்டு ஒரு துணிச் சுருட்டை எடுத்து நீட்டினான். பங்கஜம் பிரித்தாள். பச்சை. சிப்பி. அடியில், அவள் கட்டைவிரல் பதிந்த சுண்ணாம்பு.

"அவரு தலைல வுழுந்துடப் போவுதேன்னு கொஞ்சம் யோசிச்சேம்மா. அதுக்குள்ள ஐயா வேற சொம்போட மேல வந்துட்டாரு."

கண்ணுகளா, உங்கள் வீட்டுச் சொம்பு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அதில் மோர் வற்றாமல் இருக்கட்டும். வீட்டில் உள்ள எல்லாருக்கும் இரண்டு காதும் நன்றாகக் கேட்கட்டும்.