பிழைத்த கோடு

"எல்லாரும் இங்க பாருங்க. மிளகு விலையைக் கோடு கீறிச் சொல்ற ஆள் வாறார்."

உக்குவளை ஸ்டேஷனுக்கு முன்னால், தன் கடை வாசலில் நின்று பதுர்தீன் முதலாளி சொன்னார். உள்ளே மிளகு நிறுத்துக்கொண்டிருந்த பலீலும் இத்ரூஸும் எட்டிப் பார்த்தார்கள்.

ஆறுமுகநாதன் அப்போதுதான் ரயிலை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். மாத்தளைக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். ஊர் வட்டுக்கோட்டை. மாற்றலாகி வந்து நாலு வருஷம். குடியிருப்பது பதுர்தீனின் பக்கத்து வீட்டில்.

வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். பேப்பரில் வரும் கொழும்பு மிளகு விலையைத் தினமும் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைப்பார். புள்ளிகளைக் கோட்டால் இணைப்பார்.

"விலைக்கும் ஒரு நடை இருக்கு நானா. மனுசர் பயப்படுறதும் ஆசைப்படுறதும் எப்பவும் ஒரே மாதிரித்தான். அது கோட்டில தெரியும்" என்று, அண்ணன் முறையில் 'நானா' என்று தான் கூப்பிடும் பதுர்தீனிடம் சொல்வார்.

ஊரில் அதை மதித்த ஒரே ஆள் பதுர்தீன்தான். பின்னேரமானால் வேலியோரம் வந்து நிற்பார். "இன்டைக்கு என்ன சொல்லுது ஐயா?" கோடு சொன்னது சிலவேளை சரிவரும், சிலவேளை வராது. ஆனாலும் கேட்காமல் அவர் ஒரு மூட்டை விற்றதில்லை.

இப்போது அவர் முகம் சிவந்திருந்தது.

"மூணு மாசத்துக்கு முந்தி நாப்பது அந்தர் மிளகு வெச்சிருந்தேன்" என்றார் இத்ரூஸிடம். "விலை படுத்துக் கிடந்திச்சி. ஏறுற வரைக்கும் வெச்சிருப்போம் என்டுதான் நெனச்சேன். இவர் தாளைப் பாத்திட்டு, இன்னும் இறங்கும், நாளைக்கே வித்திடுங்க என்டார். நல்லாப் பாருங்க ஐயா என்டு ரெண்டு தரம் கேட்டேன். பாத்திட்டன் என்டார். ஒரு அந்தர் நூத்தி எழுபது ரூபாவுக்கு வித்தேன். இன்டைக்கு விலை இருநூத்தி எண்பது."

பலீல் சிரித்தார். "இவர் கீறின கோட்டைக் கேட்டுத்தானா மிளகு விலை ஏறி இறங்குது?"

"பிழைதான் நானா" என்றார் ஆறுமுகநாதன். "நான் பிழையா வாசிச்சிட்டன்."

"அந்தத் தாள்ல இனிச் சீனி சுத்தலாம். வேற ஒன்டுக்கும் ஆகாது. இனி விலையைப் பத்தி என்னோட பேச வர வேணாம். வேற எதைப் பத்தியும்தான்."

ஆறுமுகநாதன் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

கதை கச்சேரி வரைக்கும் போய்விட்டது. "ஐயா, வெங்காயம் எப்படிப் போகும்?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

இரண்டு மூன்று பின்னேரம் வழக்கம்போல வேலியோரம் போய் நின்று பார்த்தார். அந்தப் பக்கம் கதவு சாத்தியே கிடந்தது. பிறகு அவர் போகவில்லை. புள்ளி வைப்பதையும் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதுர்தீனின் மனைவி உம்மு குல்தூம் பின்வாசலால் வந்தாள். முக்காட்டுக்குள் கழுத்தில் ஒப்பரேசன் தழும்பு இன்னும் சிவப்பாகத் தெரிந்தது.

"ஐயா, அவர் ரோட்டுல வெச்சுப் பேசினதை மனசுல எடுக்காதீங்க. நட்டம்தான் அவரை அப்படிப் பேச வைக்கிது."

"அவர் சொன்னதில பிழையில்லைத் தங்கச்சி."

அவள் ஆறுமுகநாதனின் மனைவி ஞானாம்பிகையைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். என்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதே அவங்கதான். கழுத்துக் கட்டியை ஒரு மாசத்துக்குள்ள வெட்டணும், இல்லாட்டி மூச்சடைச்சிரும் என்டு டாக்டர் சொன்னார். நான் வீட்டுல சொல்லல்ல. சொன்னா மிளகை வந்த விலைக்கு வித்திடுவாரே. விலை ஏறட்டும், பிறகு பாப்போம் என்டு மறைச்சிட்டேன். எப்படியோ அவர் வித்துக் காசு கைக்கு வந்திச்சி. அதுக்குப் பிறகுதான் வாயைத் திறந்தேன்."

ஞானாம்பிகை தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் முந்தியே தெரிஞ்சு மறைச்சது அவருக்குத் தெரியாது ஐயா. தெரிஞ்சா தாங்க மாட்டார். மிளகுக்காக மனுசி உயிரை மறைச்சாள் என்டு காலம் முழுக்க நெனச்சிட்டிருப்பார். நீங்களும் சொல்லிடாதீங்க. அல்லாஹ் உங்க கோட்டைப் பிழைக்க வெச்சு என்னைப் பிழைக்க வெச்சிட்டான்."

"நான் சொல்லமாட்டன்" என்றார் ஆறுமுகநாதன்.

அவள் போனதும் ஞானாம்பிகை கதவைச் சாத்தினாள். கணவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கண்டியால வந்த அண்டு, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு அவளுக்குச் சத்தியம் பண்ணிப்போட்டும், மனம் கேக்காமல் உங்களிட்டைச் சொன்னனான்."

"ஓம்."

"அடுத்த நாள்தான் நீங்கள் நானாவிட்டை மிளகை வித்துப்போடச் சொன்னனீங்கள்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு வளவில் பதுர்தீன் யாருடனோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"எனக்காவது உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்குக் கோடு என்ன சொன்னது?"

ஆறுமுகநாதன் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏறும் எண்டுதான் சொன்னது, ஞானம். இந்த நாலு வருசத்தில அது ஒருநாளும் அவ்வளவு தெளிவாச் சொன்னதில்லை."