கழன்றுபோகிற வயர்

செம்மண்டலம் சடையப்பன் சார் வீட்டுக் கம்ப்யூட்டரில் மறுபடியும் திரை கறுத்துப்போனது. ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை. மெக்கானிக்கான நான் ஓடிப்போய்ப் பார்த்தால், அதே மானிட்டர் வயர்தான் கழன்றிருந்தது.

தானாகவா கழலும்? சார் மகள் சத்யப்பிரியா ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வந்தது. அடடா, எனக்குப் புரிந்துவிட்டது!

நாலாவது தடவை சார் கூப்பிட்டதும், புதுச்சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு போனேன். அவர் உள்ளே போன நேரம் பார்த்து, சத்யப்பிரியாவிடம், "வயரைக் கழட்டுறது நீங்கதானே?" என்று மெல்லக் கேட்டேன்.

அவள் முகம் சிவந்தது. "கண்டுபுடிச்சிட்டீங்களா?"

நான் தரையிலேயே இல்லை.

"அப்பாவுக்கு சுகர் ஜாஸ்தி. நடக்கச் சொன்னா நடக்காம, நாள் முழுக்க கம்ப்யூட்டர்ல சீட்டாடுறாரு. நீங்க வேற கூப்பிட்டதும் ஓடியாந்து சரிபண்ணிடுறீங்க. இனிமே ஒரு வாரம் கழிச்சி வாங்கண்ணா!"