பன்னீர் வீட்டு ஏ.சி.

"நீ குளுகுளுன்னு படுத்துக்கிடக்கணும்னா, என் மாப்பிள்ளை பெத்த பிள்ளை முகத்தைப் பாக்கக் கூடாதா?"

மதில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பிடிபிடியென்று பிடித்தாள் சியாமளா.

பின்னே, கோபம் வராதா? சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளை பரணிதரன் குழந்தையை இன்னும் பார்க்கவேயில்லை. ஞாயிறு சாயந்திரம்தான் அவனுக்கு நேரம். மகள் வைஷாலி குழந்தையைக் கம்ப்யூட்டர் கேமரா முன்னால் தூக்கிப் பிடித்ததும், பக்கத்து வீட்டுப் பன்னீர்செல்வம் புது ஏ.சி.யைப் போட்டான். டியூப்லைட் கண்ணடித்தது. கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. வைஷாலி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாக்கா, கருங்குழி ஊருக்கே லோ வோல்ட்டேஜு. என் தலைய உருட்டுறியே?" என்றான் பன்னீர்.

"உன் ஏ.சி. வர்ற வரைக்கும் இந்தத் தெரு நல்லாத்தான் இருந்துச்சு. நாலு லாரி வாங்கிட்டா போதுமா? மனுஷத்தன்மை வேணாம்?"

பன்னீர் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு வந்தது. சியாமளா சாமி படத்தையும் டியூப்லைட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு துளிகூட மங்கவில்லை. திரையில் மாப்பிள்ளை சிரித்தான், அழுதான், குழந்தை கொட்டாவி விட்டதற்குக்கூடக் கை தட்டினான். முழுசாக ஒரு மணி நேரம்!

"பாத்தியாடி? போன வாரம் நான் போட்ட போட்டுல, பய ஏ.சி. பக்கமே போகல!" என்று பூரித்துப்போனாள் சியாமளா.

சந்தோஷத்தை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். வாசலுக்கு ஓடினாள்.

தெருவிளக்கு எரிந்தது. ஆனால் ஒரு வீட்டிலும் வெளிச்சமில்லை. டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓடும் நேரத்தில், தெருவே வெளியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தது.

"என்ன எல்லம்மா, உங்களுக்கெல்லாம் கரண்ட் இல்லையா?"

எதிர்வீட்டு எல்லம்மாள் சிரித்தாள்.

"கரண்ட்டு கீது. பன்னீருதான் வூடு வூடா வந்து, 'என் ஏ.சி.ய மட்டும் நிறுத்துனா பத்தாது, அக்கா வூட்டுக்கோசரம் எல்லாரும் மெயின ஆஃப் பண்ணுங்க'ன்னு கெஞ்சிக்கினு போனாரு."

சியாமளாவுக்கு வெட்கமாய்ப் போயிற்று.

பக்கத்து வாசலில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்த பன்னீரின் குரல் வந்தது.

"யக்கா, மாப்ள புள்ளைய நல்லா பாத்துட்டாரா? இன்னும் பாக்கணும்னா பாக்கட்டும். நாங்க குந்திகினுதான் கீறோம்!"