பகலில் படுத்துக்கொள்ளும் சர்வர்

"நல்லாத்தானே அங்கிள் ஓடுது?" என்றாள் நந்தினி.

"அதாம்மா கொழப்பமே!" என்று தலையில் கை வைத்தார் செல்வகுமார். "நீ வர்ற அன்னிக்குப் பார்த்து நல்ல புள்ளையாட்டம் ஓடுது பாரு!"

செல்வகுமார் சுரங்கத் தொழிலாளி; சுரங்கக் குடியிருப்பில் அவர்கள் பிளாக்கின் நலச் சங்கச் செயலாளரும் அவர்தான். அவர் சொன்னது சங்கத்தின் மெயில் சர்வரை. ஊரே ஓசியில் மெயில் அனுப்பும்போது இந்த பிளாக்குக்கு மட்டும் சொந்த சர்வர்.

வாட்ஸ்அப் குரூப்பில் குட்மார்னிங் பூக்களும் அரசியல் சண்டையும் தாங்க முடியாமல் அதை இழுத்து மூடினார்கள். அப்போது செல்வகுமாரின் பக்கத்து வீட்டுக்காரர் தனகோட்டிதான், "நான் மெயில் சர்வர் ஒண்ணு போட்டுத் தர்றேங்க" என்று முன்னால் வந்தார். ஏலத்தில் எடுத்த பழைய கம்ப்யூட்டர். தன் குவார்ட்டர்ஸ் ஹாலில் அதை வைத்து, தினமும் துடைத்து, வெள்ளிக்கிழமை பொட்டும் வைத்தார். பகல் சூட்டில் மாவு மில் மாதிரி இரைச்சல் போடும்; ராத்திரியில் அடங்கிவிடும். அதனாலென்ன, பிளாக் முழுக்க ஆளுக்கொரு முகவரி வந்துவிட்டது.

சில மாதங்களாகத்தான் இந்தத் தொல்லை.

"தண்ணி வராதுன்னு காலையில நோட்டீஸ் அனுப்பினா, என் போன்லயே உட்கார்ந்துக்கினு சாயங்காலம்தான் போவுது. அதுக்குள்ள ஜனங்க சோப்பைப் போட்டுக்கினு பாத்ரூம்ல நிக்குது! திட்டு வாங்குறது யாரு? நானு!"

அந்த ஹாலிலேயே ஓரமாகத் தனகோட்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதே பிளாக்கில் இருக்கும் நந்தினி, சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சர்வர் வேலை பார்ப்பவள். ஒவ்வொன்றாகச் சோதித்தாள். டிஎன்எஸ் சரி. சர்டிபிகேட் சரி. ஹார்ட் டிஸ்க்கில் இடம் தாராளம். எல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் என்னதான் கோளாறு? அவளுக்குத் தலை சுற்றியது.

தனகோட்டியின் மனைவி சாமியம்மாள் டீ கொண்டு வந்து செல்வகுமாரிடம் நீட்டினாள். "ஒடம்பு பரவால்லீங்களா அண்ணே? தூக்கம் வருதுங்களா?"

"இப்ப தேவலாம்மா. வருச ஆரம்பத்துல மைன்ஸ்ல கண்ணு சொக்கி, ஓடுற கன்வேயர் பெல்ட்டு மேலயே சாயப் பார்த்தேன். கூட இருந்தவன் சட்டையைப் புடிச்சி இழுத்தான், தப்பிச்சேன். அப்புறம் புதுத் தலகாணி ஒண்ணு வாங்கினேன் பாரு, சும்மா அடிச்சிப் போட்டாப்ல தூக்கம்!"

தலையணைப் பெருமையைப் பேசிக்கொண்டே அவர் கிளம்பிப் போனார்.

நந்தினி சர்வரின் பழைய பதிவுகளைக் கிளறினாள். ஒரு வாரம் பகலெல்லாம் சர்வர் படுத்துக் கிடக்கிறது. அடுத்த இரண்டு வாரம் ஜம்மென்று ஓடுகிறது. மறுபடி ஒரு வாரம் படுக்கை. இப்படி ஒரு கோளாறை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

இன்னும் உற்றுப் பார்த்தாள். சர்வர் தானாக விழவே இல்லை. காலையில் யாரோ முறையாக நிறுத்தியிருக்கிறார்கள். சாயங்காலம் மறுபடி போட்டிருக்கிறார்கள்.

"அங்கிள், நீங்களா நிறுத்துறீங்க?"

தனகோட்டிக்கு வேர்த்தது. "ஏதாச்சும் செட்டிங்ஸ் பிராப்ளமா இருக்கும்மா."

பொய் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஏன்? யாருக்கு என்ன லாபம்? அதுதான் புரியவில்லை.

அன்று சாயங்காலம் சங்கக் கூட்டத்தில் நந்தினி உள்ளதைச் சொல்லிவிட்டாள். "செட்டிங்ஸ்ல கோளாறு இல்ல. யாரோ கையாலதான் நிறுத்துறாங்க. கணக்குப்படி பார்த்தா அடுத்த வாரம் மறுபடி படுக்கும்."

"யாரோ என்ன யாரோ? வூடு யாருது?" என்று எகிறினார் செல்வகுமார். "பொதுச் சொத்துய்யா அது! தனகோட்டி, வெளையாட்டுப் பொருளுன்னு நெனச்சிக்கினியா?"

ஆளாளுக்குப் பேசினார்கள். கரண்ட் மிச்சம் பிடிக்கிறார் என்றார் ஒருவர். எல்லோரும் தன்னிடம் வந்து கெஞ்ச வேண்டும் என்ற நினைப்பு என்றார் இன்னொருவர். தனகோட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கே என் வூட்டுக்குக் கொண்டாங்க," என்றார் செல்வகுமார். "எங்க வூட்ல எடம் இருக்குறது ஒரே ரூம்லதான், நான் படுக்குற ரூமு. அங்கயே வைக்கிறேன். ராத்திரி பகல் நிக்காம ஓடும்!"

கைதட்டல்.

"வேணாங்க!"

சட்டென்று எழுந்தவர் தனகோட்டி. "எங்க வேணா வைங்க. அவர் வூட்ல மட்டும் வேணாம்."

"பாத்தீங்களா? பொறாமையைப் பாத்தீங்களா?" என்று கூட்டம் சிரித்தது. நந்தினிக்கே எரிச்சலாக வந்தது. இவ்வளவு பேச்சு வாங்கியும் இந்த மனுஷனுக்கு வீம்பு போகவில்லையே!

கூட்டம் கலைந்ததும் தனகோட்டி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"நந்தினி, அதை நீயே எடுத்துக்கினு போயிடும்மா. உங்க வூட்ல ஓடட்டும். எப்படியாச்சும் பேசி அவரைச் சம்மதிக்க வை."

"எனக்கு ஒண்ணுமே புரியல அங்கிள். அவர் வீட்ல இருந்தா உங்களுக்கென்ன?"

"செவுத்துக்கு இந்தாண்ட ஓடினதுக்கே அவரால தூங்க முடியலம்மா. சொன்னா, சங்கத்து வேலை நிக்கக் கூடாதுன்னு தூங்காமலே மைன்ஸுக்குப் போவாரு. அதான் சொல்லாமலே நிறுத்தி நிறுத்தி வச்சேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட்மா."