இருபத்தாறு பைகள்

ஷீலா டீச்சரைப் பணியிலிருந்து நீக்க வேண்டும் என்ற மனுவில் பதினொரு தாய்மார்கள் கையெழுத்திட்டிருந்தனர். முதல் கையெழுத்து மாலாவினுடையது.

மாதத்தில் மூன்று நாள், முன்னறிவிப்பின்றி, எட்டாம் வகுப்பு மாணவியர் இருபத்தாறு பேரையும் ஒவ்வொருவராகப் பையுடன் விளையாட்டு அறைக்கு அழைக்கிறார்; கதவைச் சாத்திக்கொண்டு பையைச் சோதிக்கிறார். இதுவே குற்றச்சாட்டு.

சங்கரன்கோவிலின் அந்தப் பெண்கள் பள்ளிக்கு ஷீலா தற்காலிக ஆசிரியை. புளியங்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள்.

தலைமையாசிரியை கோமதியம்மாள் மனுவை மேசையில் வைத்தார். எதிரே மாலாவும், துணைக்கு வந்த அலிமா பீவியும் அமர்ந்திருந்தனர். ஓரமாக ஷீலா நின்றிருந்தாள்.

"என்ன தேடுதீங்க டீச்சர்? செல்போனா?" என்று கேட்டார் கோமதியம்மாள்.

"இல்ல மேடம்."

"ஏதும் களவு போச்சா?"

"ஒண்ணும் போகல."

"எம் பிள்ள பையில பொரிகடலையத் தவிர என்ன கிடைக்கும்? அதையும் பாதி வழியிலயே தின்னுருவா" என்றார் அலிமா பீவி.

யாரும் சிரிக்கவில்லை.

"நம்ம பிள்ளைக என்ன களவாணிகளா? யூனியன் ஆபீஸ்ல இருபது வருசமா வேலை பாக்கேன். என் பையை ஒருத்தர் தொட்டதில்ல" என்றாள் மாலா.

கோமதியம்மாளின் குரல் தணிந்தது. "சாயந்திரம் நிர்வாகக் குழு கூடுது, ஷீலா. காரணம் சொல்லலைன்னா உங்களை நாளையில இருந்து வச்சுக்கிட முடியாது."

"தெரியும் மேடம். ஆனா இங்கன வச்சுச் சொல்ல முடியாது."

"நான் எந்திரிச்சுப் போனா சொல்லுவீங்களா?" என்றார் அலிமா பீவி. ஷீலா மெல்லத் தலையசைத்தாள். "சரித்தான். வெளிய ஒம்பது பேரு காத்துக்கிட்டு இருக்காக. நான் அவுகளோட நிக்கேன்."

கதவு மூடியது. ஷீலா போய் அதன் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள்.

மாலா பொறுமை இழந்தாள். வகுப்பிலிருந்து தானே எடுத்து வந்திருந்த மகள் மாரிசெல்வியின் பையை மேசையின் மேல் கவிழ்த்தாள். "இந்தா, பாருங்க. நீங்களே பாருங்க. என்ன இருக்கு இதுல?"

புத்தகங்கள், ஜியோமெட்ரி பாக்ஸ், தண்ணீர் பாட்டில். கடைசியாக ஒரு சிறிய துணிப்பை விழுந்தது. மாலா வாங்கிக் கொடுத்ததன்று. ஜிப்பைத் திறந்தாள். உள்ளங்கையளவில் மெல்லிய நாப்கின்கள் மூன்று.

அவள் முகம் மாறியது.

"புத்தகப் பையிலயா? சரஸ்வதி இருக்க இடம்லா இது. என் மக ஒருநாளும் வைக்க மாட்டா. நான் அப்படி வளக்கல."

"அவ வைக்கலம்மா. நான்தான் கொடுத்தேன்."

"எதுக்கு? காலையில நானே ஒண்ணு கொடுத்துதான் அனுப்புதேன். கடையில உள்ளதுலேயே பெருசு, நான் வைக்கது. சாயந்திரம் வரைக்கும் தாங்கும். மாத்த வேண்டிய சோலியே இல்ல."

"உங்களுக்குத் தாங்கும்மா. அவளுக்குப் பதிமூணு வயசு; ஒல்லிப் பிள்ள. அது அவ உடம்புல நிக்கல. ஒதுங்கிருது. நடந்தா சத்தம் கேக்குதுன்னு நடக்கவே பயப்படுதா. தொடை ரெண்டும் புண்ணு."

மாலா துணிப்பையை மேசையில் வைத்தாள்.

"ஆடித்தபசு லீவு முடிஞ்ச மறுநாள், அவ பெஞ்சை விட்டு எந்திரிக்கவே இல்ல. மத்தியானம் சாப்பிடல. பெல் அடிச்சு எல்லாரும் போன பிறகும் அப்படியே உக்காந்திருந்தா. நான்தான் என் துப்பட்டாவைக் கட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பினேன்."

"பெஞ்சு ஆணியில பாவாடை கிழிஞ்சுட்டு, டீச்சர் கட்டிவிட்டாங்கன்னு சொன்னாளே" என்றாள் மாலா, தனக்குள்.

"மறுநாள் நாலு விதமா வாங்கிட்டு வந்தேன். எது உறுத்தலைன்னு அவளையே பாத்துச் சொல்லச் சொன்னேன். இதைச் சொன்னா. மெல்லிசு, சின்னது, உறையைப் பிரிச்சாலும் சத்தம் வராது. நாலு மணி நேரத்துக்கு ஒருக்க மாத்தணும், அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா டீச்சர்."

"சொல்லுதேன்னுதான் சொன்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டா. அம்மாவுக்குத் தெரிஞ்சா அந்த மூணு நாளும் பள்ளிக்கூடமே வேண்டாம்னுருவாங்கன்னு அழுதா. நான் சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்."

கோமதியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஒரு பிள்ளைக்கு உதவுறதுக்கு இருபத்தாறு பேர் பையை எதுக்குச் சோதிக்கணும்?"

"ஒரு பையைக்கூட நான் திறந்ததில்ல மேடம். அவ வந்தா உள்ளயே இதை மாத்திக்கிடுவா. மத்தவங்ககிட்ட ரெண்டு நிமிசம் ஏதாவது பேசி அனுப்பிருவேன். அவ ஒருத்தியை மட்டும் கூப்பிட்டா, மத்த இருபத்தஞ்சு பேருக்கும் தெரிஞ்சிரும்லா."



மாலா புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் அடுக்கினாள். துணிப்பையைக் கையில் எடுத்தவள் சற்று நேரம் தயங்கினாள். பிறகு அதைத் தமிழ்ப் புத்தகத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவே வைத்து ஜிப்பை மூடினாள்.

"இன்னிக்கு அவளுக்கு ரெண்டாவது நாள்" என்றாள், ஷீலாவின் முகத்தைப் பாராமல்.

வராந்தாவில் தாய்மார்கள் சூழ்ந்துகொண்டனர்.

"என்ன மாலாக்கா, டீச்சர் கதை முடிஞ்சுதா? இனிமே பையைத் தொட மாட்டாகள்லா?" என்று கேட்டார் அலிமா பீவி.

"தொடுவாங்க. நாளைக்கும் சோதனை உண்டு" என்றாள் மாலா. "இருபத்தாறு பையையும் பாக்கணும், ஒண்ணைக்கூட விட்டுறக் கூடாதுன்னு நான்தான் சொல்லிட்டு வாரேன்."