மீந்த வெயில்

"குடையை மடக்குடி செங்கேணி, பூசை பாதியில நிக்குது" என்று ஏழாம் அடுக்கு மாடத்திலிருந்து அம்புசவல்லி கத்தினாள்.

"மடக்க முடியாதுங்கம்மா. மீந்த வெயில்ல வளந்த எம் பொண்ணு உங்களுக்கு மருமகளா ஆகாதுன்னா, அந்த வெயிலு எங்க தலைக்கு மட்டும் எதுக்கு?" என்றாள் சந்தில் நின்ற செங்கேணி.

அந்த நகரத்தில் சூரியதேவன் மேலடுக்குக்காரர்களுக்குத்தான் நேராக முகம் காட்டுவான். அவர்கள் கும்பிட்டு முடித்து, கண்ணாடியைத் திருப்பி, மிச்சத்தைக் கீழே அனுப்புவார்கள். சந்தில் ஒரு தலையாவது குனிந்து அதை வாங்கினால்தான் பூசை தேவனைச் சேரும். அப்படி ஒரு ஏற்பாடு; யார் செய்தார்களோ.

செங்கேணியைப் பார்த்து அக்கம்பக்கமும் குடை விரித்தது. அம்புசவல்லி கண்ணாடியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். ஒரு தலையும் அகப்படவில்லை. கறுப்புக் குடைகளுக்கு நடுவே ஒரு பட்டுக்குடை மட்டும் மின்னியது. அவள் வீட்டுக் குடை. அதன் கீழே அவள் மகன் திருமேனியின் செருப்பு தெரிந்தது. அதை ஒட்டி, செங்கேணி மகள் தும்பையின் கொலுசு.



இருவரும் கல்யாணம் முடித்து, செங்கேணியையும் கூட்டிக்கொண்டு, மாடிகளே இல்லாத உப்பளப் பக்கம் குடிபோனார்கள். அங்கே வெயில் தாங்க முடியவில்லையாம். செங்கேணிக்குத் தினமும் தலைவலியாம்.

அம்புசவல்லி இன்னும் காலையில் கண்ணாடியைத் திருப்புகிறாள். யாரும் தலைகாட்டாத சந்தில் விழும் வெளிச்ச வட்டத்தில் ஒரு நாய் வந்து படுக்கிறது. அது தலையைத் தாழ்த்தும்வரை அவள் மாடத்தைவிட்டு நகர்வதில்லை.