காத்தானுக்கு மூணு முழுக்கு

ஐப்பசி மாதம் முழுக்க விடியலில் காவேரியில் முழுகினால் செய்த வினையெல்லாம் கரையும். வர முடியாதவருக்காகப் பெயர் சொல்லியும் முழுகலாம். அம்மா மண்டபத்துப் படித்துறையில் காளியாயி தினமும், "காத்தானுக்கு" என்று மூன்று முழுக்குப் போடுவாள். கூட முழுகும் அமிர்தம் அன்றைக்குக் கேட்டேவிட்டாள்.

"உங்க மகன் வந்து முழுகக் கூடாதாக்கா?"

"காத்தான் வர முடியாத எடத்துல இருக்கான்மா."

"வெளியூரா?"

"இங்கதான், ஜெயில்ல. நாளைக்குக் காலையில தூக்கு."

அமிர்தம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெத்த வயிறு எப்படிக்கா தாங்குது?"

"அவனைப் பெத்தவ எப்பவோ போயிட்டா. அவன் என் புள்ளைய வெட்டுனவன்."

அமிர்தத்தின் பிடி தானாகத் தளர்ந்தது.

"கோர்ட்டுல சாட்சி சொன்னதும் நான்தான். பார்த்ததைத்தான் சொன்னேன். அவனுக்காக முழுக ஒரு நாதியில்லைன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது."

அமிர்தம் தயங்கிக் கேட்டாள். "அப்போ... உங்க புள்ளைக்கு?"

"அவனுக்கு எதுக்கும்மா? அவன் ஒரு பாவமும் பண்ணலையே."

காளியாயி தண்ணீரில் இறங்கினாள். அன்றைக்கு அவள் மூன்றோடு நிறுத்தவில்லை; மாதத்தின் மிச்ச நாட்களுக்கும் சேர்த்து முழுகினாள்.